புகையான் யூரியா போட்ட வயலையே தேடிப் போவது ஏன்?

வரப்போரம் எழுதியது:
வணக்கம். சம்பா பயிர், தூர் கட்டி முடிந்துவிட்டது. வரப்புக்கு அந்தப் பக்கம் எங்கள் சித்தப்பா வயல். ரகமும் ஒன்று, வாய்க்காலும் ஒன்று. அவர் மேலுரமாக யூரியாவைத் தாராளமாக வீசினார், பயிர் கரும்பச்சையாக நிற்கிறது. நாங்கள் அளவோடு போட்டு, மீனையும் வெல்லத்தையும் ஊறவைத்து எடுக்கும் மீன் அமிலத்தைத் தெளிப்பான் டேங்குக்கு 100 மில்லி கலந்து தெளித்தோம். இப்போது அவர் வயலில் தூரைப் பிரித்தால் தண்ணீர் மட்டத்துக்கு மேலே புகையான், அதாவது தண்டில் சாறு உறிஞ்சும் சின்னப் பழுப்புப் பூச்சி, அப்பிக் கிடக்கிறது. எங்களிடம் அங்கொன்று இங்கொன்றுதான். யூரியா போட்டால் தண்டு மென்மையாகிவிடும், அதனால் வரும் என்கிறார்கள். வேறொருவர், பயிருக்குள் அமினோ அமிலம் கூடுவதுதான் காரணம் என்றார். அப்படியென்றால் மீன் அமிலத்திலும் அதுதானே இருக்கிறது? தொடர்ந்து தெளிக்கலாமா?

தூர்க்கட்டு எழுதியது:
அண்ணா, நான் பூச்சியியல் படிக்கிறேன், புகையான்தான் என் ஆய்வு. அந்த இரண்டாமவர் சொன்னது சரி.

புகையான் இலையைத் தின்பதில்லை. ஊசி வாயைத் தண்டுக்குள் இறக்கி, சாறு ஓடும் குழாயைத் தேடிக் குத்தி உறிஞ்சுகிறது. அந்தச் சாற்றில் சர்க்கரை ஏராளம், அமினோ அமிலம் கொஞ்சம். உடம்பு வளரவும் முட்டை முதிரவும் அந்தக் கொஞ்சம்தான் அதற்கு வேண்டும். அதனால் நிறையக் குடித்து, மிச்சச் சர்க்கரையைக் கழிவாக வெளியே விடுகிறது. தூரில் கை வைத்தால் பிசுபிசுக்கிறதே, அப்புறம் கரும்பூசணம் பிடிக்கிறதே, அதெல்லாம் இதனால்தான்.

யூரியாவிலிருந்து வேர் எடுத்த தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, பயிர் முதலில் அமினோ அமிலமாக்கி, பிறகு புரதமாகக் கட்டுகிறது. ஒரேயடியாக யூரியா வந்தால் கட்டி முடிப்பதற்குள் அமினோ அமிலம் தேங்கி, சாற்றோடு ஓடுகிறது. பூச்சிக்கு விருந்து அங்கேதான். குஞ்சு சீக்கிரம் வளர்கிறது, தாய் அதிக முட்டை வைக்கிறது.

ஆய்வுக்கூடத்தில் இதைக் கண்ணால் பார்க்கலாம். நெல் தண்டின் அடியில் வடிதாளை விரித்து, மேலே பூச்சியை விடுவோம். கழிவுச் சொட்டு விழுந்த தாளில் நின்ஹைட்ரின் என்ற ரசாயனத்தைத் தெளித்தால், அமினோ அமிலம் இருக்கும் இடமெல்லாம் ஊதா நிறப் பொட்டுகளாக எழும்பும். பூச்சிக்கு எளிதில் இடம் கொடுக்கும் ரகத்தின் கீழே தாள் பொட்டுகளால் நிறைந்துவிடும். எதிர்ப்பு ரகத்தின் கீழே தேடித்தான் பார்க்க வேண்டும். முதல்முறை பார்த்தபோது தாளைக் கீழே வைக்க மனமே வரவில்லை.

1970ல் பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் முட்கோ என்ற இந்திய ரகத்தை ஆராய்ந்தார்கள். புகையான் அதில் உட்காரும், ஆனால் சரியாகக் குடிக்காது, பெண் பூச்சியின் சூலகமும் வளராது. அஸ்பராஜின் என்ற அமினோ அமிலம் அந்த ரகத்தில் குறைவாக இருந்தது தெரியவந்தது. புகையானை மேலும் மேலும் உறிஞ்சத் தூண்டுவது அதுவே. முட்கோவின் எதிர்ப்பைக் கொண்டு 1973ல் ஐஆர்26 என்ற ரகம் வந்தது. சில வருடங்களிலேயே அதையும் சமாளிக்கும் புகையான் பெருகிவிட்டது. எதிர்ப்பு முழுக்க அமினோ அமிலத்தில்தான் இருக்கிறது என்றும் சொல்லக் கூடாது. பூச்சி குத்திய குழாயைக் கேலோஸ் என்ற பொருளால் அடைத்துவிடும் ரகங்களும் உண்டு.

மீன் அமிலத்தைப் பற்றிப் பயப்படாதீர்கள். ஒரு யூரியா மூட்டை 45 கிலோ, அதில் 46 சதவீதம் தழைச்சத்து, அதாவது 20 கிலோவுக்கு மேல். உங்கள் டேங்கில் ஊற்றும் 100 மில்லியில் சில கிராம் இருந்தாலே அதிகம். இலை ஏற்கெனவே கரும்பச்சையாக இருந்தால் மட்டும் அதையும் நிறுத்திவிடுங்கள்.

செம்மண் எழுதியது:
பொட்டாஷையும் சேர்த்துச் சொல்லுங்கள் தங்கச்சி. சாம்பல் சத்து குறைந்தால் புரதம் கட்டுவது தடைப்பட்டு, அமினோ அமிலம் இன்னும் தேங்கும். எங்கள் பக்கம் யூரியாவைத் தனியாக வீசுகிறவர்கள்தான் அதிகம்.

இன்னொன்று, பயிரும் சும்மா இருப்பதில்லை. தக்காளியைக் கொம்புப் புழு கடித்தால், செடி இரண்டு நொதிகளை இலையில் சேர்க்கிறது. அவை புழுவின் வயிற்றுக்குள் போய் அர்ஜினினையும் திரியோனினையும் சிதைத்துவிடும். இலையைத் தின்றும் புழு வளராது. 2005ல் அமெரிக்காவில் கண்டுபிடித்தார்கள்.

வரப்போரம் எழுதியது:
மிக்க நன்றி. சித்தப்பா பொட்டாஷ் போடவில்லையாம். மருந்துக் கடையில் ஏதோ பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்து கொடுத்திருக்கிறார்கள், நாளைக்கு அடிக்கப் போகிறார்.

தூர்க்கட்டு எழுதியது:
தயவுசெய்து நிறுத்தச் சொல்லுங்கள் அண்ணா! பைரித்ராய்டு சிலந்தியையும், புகையான் முட்டையை உறிஞ்சும் பச்சை மிரிட் நாவாய்ப்பூச்சியையும் கொன்றுவிடும். அப்புறம் புகையான் முன்னைவிட அதிகமாகத் திரும்பி வரும். முதலில் வயலில் நிற்கும் தண்ணீரை வடிய விடட்டும். பல இடங்களில் தூரைப் பிரித்து எண்ணட்டும். ஒரு தூர் முழுவதையும் சேர்த்து எண்ணாமல், தூரில் இருக்கும் ஒவ்வொரு கிளைப்புக்கும் கணக்குப் பார்க்க வேண்டும். கிளைப்புக்கு ஒரு பூச்சி இருந்தால் மருந்து யோசிக்கலாம். தூருக்கு ஒரு சிலந்தி இருந்தால் கிளைப்புக்கு இரண்டு வரை பொறுக்கலாம். மருந்து தேவைப்பட்டால் வேளாண்மை அலுவலரிடம் கேட்டு, தண்டின் அடிப்பாகம் நனையும்படி அடிக்கச் சொல்லுங்கள். இலைமேல் அடித்தால் புகையானுக்குப் படாது.