தோளில் விழுந்த நட்சத்திரப் போர்வை

அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் லகோட்டா பழங்குடியினர் வாழும் பைன் ரிட்ஜுக்கு எங்கள் கிறிஸ்தவ சபையார் கோடைதோறும் சென்று வருவது பழைய வழக்கம். சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் கட்டுவதும் ஒழுகும் கூரையைச் செப்பனிடுவதுமே பெரும்பாலும் வேலை. நான் முதன்முறை சென்ற ஆண்டு, கடைசி நாள் விருந்துக்குப் பின், யாருக்குச் சாய்தளம் அமைத்தோமோ அந்தப் பாட்டியே எட்டு முனை நட்சத்திரம் தைத்த போர்வையை என் தோளில் போர்த்தினார். குளிருக்கு உங்களுக்கே வேண்டியிருக்குமே என்று சொல்லி, நான் அதை அவர் கையிலேயே திணித்தேன். கூடம் அடங்கிப்போயிற்று. லகோட்டா மக்களிடையே கொடுப்பதே பெருமை என்றும், மறுப்பது அவரை ஊரறிய ஏழை என்று சொல்வதாகும் என்றும் சபை மூத்தவர் ஒருவர் காதோடு சொன்ன பிறகே வாங்கிக்கொண்டேன். அதுவரை பாட்டி, சாய்சதுரத் துண்டுகளின் தையலை விரலால் நீவியபடி நின்றிருந்தார். அந்த விரல்கள் இன்னும் கண்ணை விட்டு அகலவில்லை.

மறுமொழி:
சபையாருக்கும் லகோட்டா மக்களுக்கும் உள்ள நட்பைப் பற்றி எழுதுவோர் அங்கிருந்த ஹோலி கிராஸ் ஆலயத்தை மறக்கலாகாது. 1890 டிசம்பர் 29 அன்று அருகிலுள்ள வூண்டட் நீயில் அமெரிக்க ராணுவம் லகோட்டா மக்களைச் சுட்டதில் காயமுற்றவர்களை, இருக்கைகளைப் பெயர்த்துவிட்டு, வைக்கோல் பரப்பிய அதன் தரையில்தான் கிடத்தினார்கள். டகோட்டா இனத்தவரான மருத்துவர் சார்ல்ஸ் ஈஸ்ட்மன் அவர்களைக் கவனித்தபோது, ‘பூமியிலே சமாதானமும், மனுஷர்மேல் பிரியமும்’ என்ற கிறிஸ்துமஸ் வாசகம் மேலே தொங்கியது. அன்று மாண்டவர்களில் 146 பேரை ஒரே குழியில் புதைத்த குன்றுக்கு நான் சென்றபோது, ஓர் இளைஞர் கேட்ட முதல் கேள்வி “எந்தச் சபை?” என்பதே. எனக்கு நா எழவில்லை.

மறுமொழி:
மேலே எழுதியவரை மறுக்கவில்லை. பழங்குடிச் சிறுவரின் முடியை வெட்டித் தாய்மொழியைத் தடுத்த விடுதிப் பள்ளிகளையும் அதனோடு சேர்க்கலாம். ஆயினும் ‘கறுப்பு அங்கி’ எனப்பட்ட கத்தோலிக்க இயேசு சபைக் குருக்களை வேண்டிப் பெற்றவரே லகோட்டா தலைவர் ரெட் கிளவுட். 1888இல் அவர்கள் தொடங்கிய ஹோலி ரோசரி மிஷனின் கல்லறையில்தான் 1909இல் அடக்கமானார். லகோட்டா ஞானியான பிளாக் எல்க் கத்தோலிக்க உபதேசியாராகவே பல்லாண்டு உழைத்தார். காட்டெருமைத் தோலின் இடத்தைப் பிடித்த அந்தப் போர்வையின் தையலும் மிஷனரிப் பெண்கள் வழியே வந்ததுதான். எனக்கு நேர்ந்தது சிறியது: நாங்கள் அனுப்பிய பழந்துணி மூட்டைகள் சமூகக் கூடத்தில் பிரிக்கப்படாமலே கிடக்கக் கண்டேன். ஆகவே இனிச் செல்வோர் என்ன தேவை என்று முதலில் கேட்க வேண்டும். துணிக்குப் பதில் விறகுக்கும், வீட்டைச் சூடாக்கும் புரொப்பேன் வாயுவுக்கும் பணம் அனுப்ப வேண்டும். சடங்குகளைக் கேட்காமல் படம் எடுக்கக் கூடாது. தட்டில் வைத்த பொரித்த ரொட்டியை மீதம் வைக்காமல் உண்ண வேண்டும். கோடையில் மட்டுமன்றி ஜனவரியிலும் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும்.

முதலில் எழுதியவர்:
அறிவுரை நான் கேட்கவில்லை. எனினும் ஜனவரி என்றது உறைத்தது. பாட்டி வீட்டுச் சாய்தளத்தின் இரண்டாம் பலகை தளர்ந்திருக்கிறதாம். கோடைவரை அது தாங்காது.