ஸ்டார்வ்ட் ராக் கழுகுக் கூட்டம்: பார்க்கப் போகிறோமா, விரட்டப் போகிறோமா?

கார்த்திகா, நேப்பர்வில்:

ஜனவரி பிறந்தால் எங்கள் வட்டாரத்தில் பாதிப் பேர் ஸ்டார்வ்ட் ராக் மாநிலப் பூங்காவுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். சிகாகோவுக்குத் தென்மேற்கே ஏறக்குறைய 90 மைல், இல்லினாய் ஆற்றங்கரை. வடக்கே விஸ்கான்சின், மின்னசோட்டா ஏரிகள் உறைந்ததும் வெண்தலைக் கழுகுகள் தெற்கே இறங்கி இங்குள்ள அணையடிக்கு வந்து சேரும். மதகிலிருந்து நீர் கொந்தளித்து விழுவதால் அந்த இடம் மட்டும் உறையாது, மீன் கிடைக்கும். அதைக் காட்டத்தான் கழுகு வார இறுதி, வழிகாட்டியோடு பனிநடை, காப்பகப் பறவைகளை வைத்து விளக்கவுரை என்று அடுத்தடுத்து நிகழ்ச்சிகள்.

போன சனிக்கிழமை நாங்களும் போனோம். கரையில் நூறு பேராவது நின்றிருப்போம். மிக அருகில், இலையுதிர்ந்த மரமொன்றின் தாழ்ந்த கிளையில் ஒரு கழுகு, மீனைக் காலுக்கடியில் அழுத்திப் பிடித்து நார் நாராகக் கிழித்துத் தின்றுகொண்டிருந்தது. பெரிய லென்ஸ் வைத்திருந்த ஒருவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, பறக்கும் படம் வேண்டுமென்று பளார் பளாரென்று கைதட்டினார். இரண்டாவது தட்டலில் கழுகு எழுந்துவிட்டது. மீன் பனிக்கட்டிமேல் விழுந்தது. கடற்காகம் ஒன்று அதைத் தூக்கிக்கொண்டு போயிற்று. சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

உறைகுளிரில் அந்தப் பறவைக்கு ஒவ்வொரு வீண் பறத்தலும் உடம்பில் சேர்த்த கொழுப்பின் செலவு. அதைப் பிழைக்கவிடாமல் அதன்மேல் அன்பு காட்டி என்ன பயன்? பூங்காவுக்குள் லசால் கேன்யன் என்ற குறுகிய பாறைப் பள்ளத்தாக்குக்கு நடந்தால் அங்கே உறைந்த அருவியில் கோடாரியும் கயிறுமாக ஏறும் பத்துப் பேர், ஒருவரையொருவர் கூவி அழைத்தபடி. குளிர்காலத்தில் காட்டுக்கு விடுமுறை கொடுங்கள் என்கிறேன். நடை, விளக்கவுரை என்று விளம்பரம் செய்து ஆள் சேர்க்கும் வேலையை நிறுத்தினாலே போதும்.

முருகேசன், ஆரோரா:

கார்த்திகா, கைதட்டியவர்மேல் எனக்கும் கோபம்தான். ஆனால் அவருக்காக நிகழ்ச்சியையே நிறுத்தச் சொல்வது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தும் கதை.

காட்டுக்கு விடுமுறை என்கிறீர்கள். எந்தக் காட்டுக்கு? அந்தத் திறந்த நீரே மனிதன் செய்தது. சரக்குப் படகுகள் போக 1933இல் திறந்த அணை அது. அணை இல்லாவிட்டால் அந்தக் கழுகுகள் அங்கே கூடியே இருக்காது. நீங்களும் நானும் இந்தச் சண்டையைப் போட்டிருக்க மாட்டோம்.

என் மகனுக்கு ஒன்பது வயது. ஆற்றின் நடுவே தொலைவில் தெரிந்த கழுகை பைனாகுலரில் காட்டினேன். ‘புள்ளி மாதிரி இருக்கிறது’ என்று சொல்லிவிட்டுப் பனியை உருட்டப் போய்விட்டான். பிறகு விளக்கவுரையில், சிறகு முறிந்து எலும்பு சேராமல் போனதால் இனி காட்டில் விட முடியாத ஒரு கழுகைக் கையுறையில் ஏந்தி வந்தார்கள். அதன் நகத்தைப் பார்த்தவன், தன் சுண்டுவிரலை நீட்டி அளந்தான். தலை வெளுக்க நான்கைந்து ஆண்டு ஆகும், அதுவரை பழுப்பும் வெள்ளைத் திட்டுமாக இருக்கும் என்று அங்கே கேட்டதை, திரும்பி வரும்போது காரில் எனக்குப் பாடம் நடத்தினான். அணைக்கு அருகிலுள்ள பிளம் தீவை 2004இல் இல்லினாய் ஆடுபன் சங்கம் என்ற பறவைப் பாதுகாப்பு அமைப்பு விலைக்கு வாங்கி, கழுகுகள் தங்குவதற்கென்று விட்டுவைத்திருக்கிறது. அந்தப் பணம் யாரிடமிருந்து வரும்? இப்படி ஒருநாள் பார்த்து மயங்கியவர்களிடமிருந்துதானே.

அருண், மேடிசன்:

பனிச்சுவர் ஏறுபவர்களையும் இழுத்ததால் எழுதுகிறேன். பூங்கா நிர்வாகம் லசால், டான்டி, ஒட்டாவா, வைல்ட்கேட் என்று குறிப்பிட்ட கேன்யன்களில் மட்டுமே ஏறவிடுகிறது. அதுவும் பனி போதுமான அளவு கெட்டிப்பட்டால்தான். பாறை ஏற அனுமதி கிடையாது, ஏனென்றால் அது செயின்ட் பீட்டர் மணற்கல். உள்ளங்கையால் தேய்த்தாலே சர்க்கரைபோல உதிரும். பனி போர்த்தியிருக்கும்போது எங்கள் கோடாரி பனியில்தான் பதிகிறது.

கத்துகிறோம் என்றீர்கள் அக்கா. கோடாரி விழும்போது ‘தக்’ என்று கேட்டால் நல்ல பனி. வெறும் பானையைத் தட்டியதுபோல் ஓசை வந்தால், பனி பாறையை விட்டு விலகிப் பின்னால் வெற்றிடம் இருக்கிறது என்று பொருள். அப்போது கீழே கயிறு பிடித்திருப்பவனுக்குக் கூவாமல் என்ன செய்வது? கழுகுகள் ஆற்றோரத்தில், நாங்கள் பள்ளத்துக்குள். எங்கள் குரல் உங்கள் காதுக்குத்தான் தொந்தரவு.

சிவஞானம், பியோரியா:

நான் 1978இல் இந்த ஆற்றங்கரைக்கு வந்தவன். அன்று ஒரு கழுகைப் பார்த்தால் நண்பர்களுக்குத் தொலைபேசியில் சொல்வோம். 1963இல் அலாஸ்கா, ஹவாய் நீங்கலாக நாடு முழுவதும் கூடுகட்டியவை 417 ஜோடி மட்டுமே. டிடிடி பூச்சிக்கொல்லி மீன் வழியே கழுகின் உடம்பில் ஏறி முட்டை ஓட்டை மெலிதாக்கியது. அடைகாக்க உட்கார்ந்த தாயின் எடைக்கே முட்டை நொறுங்கியது. 1972இல் தடை வந்தது. 2007இல்தான் அருகிவரும் இனங்களின் பட்டியலிலிருந்து கழுகு வெளியே வந்தது. பட்டியலை விட்டு வந்தாலும் கழுகுகளைக் காக்கும் 1940ஆம் ஆண்டுச் சட்டம் நிற்கிறது. கொல்வது மட்டுமல்ல, தொந்தரவு செய்வதும் அதன்கீழ் தடை.

ஆகவே முருகேசன் தம்பி, கைதட்டலைச் சின்ன விஷயமாக ஒதுக்க வேண்டாம். என்னைக் கேட்டால், முடிந்தவரை காரைவிட்டு இறங்காமல் பார்ப்பது நல்லது. நின்றிருக்கும் காரைவிட நடந்து வரும் ஆளுக்குத்தான் கழுகு அஞ்சும். இன்னொன்று: குளிர் சரியாக விழாத ஆண்டில் ஆறு நெடுகத் திறந்திருக்கும், கழுகுகள் அணையடிக்கு வராமல் சிதறிவிடும். நிகழ்ச்சித் தேதியோ முன்பே அச்சாகிவிடுகிறது. கழுகுக்கு அந்த அறிவிப்பு போய்ச் சேர்வதில்லை. வந்தவர்கள் ஏமாந்து, எங்காவது ஒன்று தெரிந்தால் முண்டியடிக்கிறார்கள்.

முருகேசன், ஆரோரா:

ஐயா, காரிலிருந்து பார்த்தால் பின்னிருக்கைப் பிள்ளைக்குத் தெரிவது முன்னிருக்கையின் முதுகு.

கார்த்திகா, நேப்பர்வில்:

அருண் தம்பி, பள்ளத்துக்குள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதைக் கழுகோடு சேர்த்தது என் பிழை. ஆனால் என் காதும் ஒரு காதுதான். அங்கே வருகிற மற்றவர்களுக்கும் அந்தப் பள்ளத்தாக்கு உரியது.

முருகேசன், அணை மனிதன் கட்டியது என்றீர்கள். சரி. அணை கைதட்டவில்லையே. அது தன் பாட்டுக்கு நீரை விடுகிறது, கழுகு தன் பாட்டுக்கு மீன் பிடிக்கிறது. நடுவில் நாம்தான்.

இரண்டு ஆண்டுக்குமுன் ஒரு வேலைநாளில் பிரெஞ்சு கேன்யனுக்குத் தனியாகப் போனேன். 10 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது சுமார் மைனஸ் 12 செல்சியஸ். பனியில் வழுக்காமலிருக்க பூட்ஸில் மாட்டிய மைக்ரோஸ்பைக் முட்கள் மட்டும் நறநறவென்றன. நின்றால் அதுவும் இல்லை. அப்போது உறைந்த அருவிக்குள்ளிருந்து, திரைக்குப் பின்னால் யாரோ செம்பில் தண்ணீர் ஊற்றுவதுபோல் ஒரு சத்தம். வெளியே கல்லாய் நிற்கிறது, உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது. எந்த வழிகாட்டியும் அதை எனக்குச் சொல்லவில்லை. நூறு பேர் நின்றிருந்தால் எனக்குக் கேட்டிருக்கவும் செய்யாது.

விளக்கவுரை வேண்டாம் என்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். உங்கள் மகனின் சுண்டுவிரல் என் வாயை அடைத்துவிட்டது. அது கட்டடத்துக்குள் நடக்கட்டும். கரையில் மட்டும் முன்பதிவு வைத்து, ஒரு வேளைக்கு இருபது பேருக்குமேல் விடக் கூடாது. அதில் நான் இறங்கி வருவதாக இல்லை.

சிவஞானம், பியோரியா:

இருபது பேர் நல்ல கணக்கு. வரும் செவ்வாய்க்கிழமை காலை ஏழரைக்கு நான் அணையடியில் இருப்பேன்; கழுகுகள் மும்முரமாக மீன் பிடிக்கும் நேரம், கூட்டமும் இருக்காது. கார்த்திகா, விருப்பமானால் வாருங்கள் அம்மா. முருகேசன் தம்பி, நீங்களும் மகனை அழைத்து வாருங்கள். என் தொலைநோக்கியை முக்காலியில் பொருத்தித் தருகிறேன், புள்ளியாகத் தெரியாது.

முருகேசன், ஆரோரா:

ஐயா, செவ்வாய்க்கிழமை எனக்கு வேலை, அவனுக்குப் பள்ளி. எங்களைப் போன்றவர்களுக்கு வார இறுதி நிகழ்ச்சிதான் வழி. இவ்வளவு நேரம் நான் எழுதிக்கொண்டிருந்தது அதைத்தான்.