கிளாப் சரி, கடைசி வசனம் மட்டும் உதட்டோடு ஒட்டவில்லை

இறுதியாண்டுக் குறும்படம், 14 நிமிடம். காசிமேட்டில் இரண்டு நாள் எடுத்தது. இதைக் கையில் வைத்துக்கொண்டுதான் உதவி இயக்குநர் வாய்ப்புக் கேட்டு அலையப்போகிறேன். அடுத்த வெள்ளிக்கிழமை கல்லூரியில் ஒப்படைக்க வேண்டும்.

முதல் கேமரா சோனி ஏ7 III, நொடிக்கு 25 ஃபிரேம். இரண்டாவது கோணத்துக்கு வாடகைக் கேமரா எடுக்கக் காசில்லை. நண்பனின் ஆண்ட்ராய்டு போனில் 30 ஃபிரேமில் எடுத்தோம். ஒலி தனியாக ஜூம் எச்5 ரெக்கார்டரில், 48 கிலோஹெர்ட்ஸ். எடிட்டிங் டாவின்சி ரிசால்வ் மென்பொருளில், டைம்லைன் 25 ஃபிரேம்.

சோனி காட்சிகள் கச்சிதம். போன் காட்சிகளில்தான் வம்பு: கிளாப் சத்தம் சரியாகப் பொருந்துகிறது, ஆனால் ஆறு நிமிட டேக்கின் முடிவில் ஒலி படத்தை விட்டு 12 ஃபிரேம் தள்ளிப்போகிறது. அதுவும் சீராக இல்லை, நடுவில் திடீரென்று குதிக்கிறது.

போன் ஃபிரேம் வேகத்தை நிலையாக வைக்காது என்று தெரிந்ததும் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் நிலையான 25-க்கு மாற்றினேன். தள்ளல் 4 ஃபிரேமாகக் குறைந்தது, ஆனால் அலைகள் ஆடுவது வெட்டிவெட்டித் தெரிகிறது. ஒலியையும் படத்தையும் தானாகப் பொருத்தும் ரிசால்வின் ஆட்டோ சிங்க்கும் தொடக்கத்தை மட்டும்தான் பிடிக்கிறது. ஆடியோ வேகத்தைக் கையால் மாற்றியதில் நாயகி குரல் கெட்டதுதான் மிச்சம். டப்பிங்குக்கு அவர் ஊரில் இல்லை.

இப்போது அசல் போன் கோப்பை நிலையான 30-க்கு மாற்றி 25 டைம்லைனில் போட்டால் சரியாகுமா, அல்லது ஷாட் ஷாட்டாக வெட்டிக் கையால் பொருத்துவதுதான் வழியா?