மார்ச்சில் டார்க் பீக் போட்டி நடை: மெதுவாக நடக்கும் பிள்ளையை அணியில் வைக்கலாமா?

நாட்டிங்ஹாம்_அம்மா:
வணக்கம். எங்கள் எக்ஸ்ப்ளோரர் சாரணர் குழுவிலிருந்து நாலு பேர், எல்லாருக்கும் 15 வயசு, மார்ச்சில் டார்க் பீக்கில், அதாவது இங்கிலாந்தின் பீக் டிஸ்ட்ரிக்ட் வடக்குப் பக்க மேட்டுநிலத்தில், மாவட்டப் போட்டி நடைக்குப் போகிறார்கள். சனி, ஞாயிறு, நடுவில் கூடாரத்தில் ஒரு ராத்திரி. நாங்கள் கூட நடக்கக் கூடாது, செக்பாயிண்டில்தான் பார்க்கலாம். ஒரு பையன் நல்ல ஓட்டக்காரன், ஜெயிக்கணும்னு துடிக்கிறான். ஒரு பொண்ணு நடையில் மெதுவு, ஆனால் வரைபடம் பார்ப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. அவளுக்குப் பதில் வேறு ஆளைப் போடச் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?

மேட்டுநடை:
அக்கா, அவளை மாற்றாதீங்க. அங்கே இருக்கிற மலைகளில் கின்டர் ஸ்கவுட் 636 மீட்டர், ப்ளீக்லோ 633 மீட்டர். ரெண்டுமே கூரான சிகரம் இல்லை. மேலே போனால் கருப்புச் சேறும் புல்லுமாகப் பரந்த மேடு. தண்ணீர் அறுத்த பள்ளங்கள் சில இடத்தில் ஆளை மறைக்கும். உள்ளே இறங்கினால் முன்னாடி சேற்றுச் சுவர்தான், மூடுபனியும் சேர்ந்துவிட்டால் திசையே பிடிபடாது. ஓட்டக்காரன் மிச்சம் பிடித்த அரை மணியை ஒரே ஒரு தப்பான பள்ளம் தின்றுவிடும்.

அவளை முன்னால் விடுங்க, அவனைக் கடைசியில் விடுங்க. கூடாரமும் அடுப்பும் அவன் பையில் போகட்டும், அவள் பை லேசாக இருக்கட்டும். நடை தானாகச் சமமாகிவிடும். நேரக் கணக்கையும் பிள்ளைகளே போடணும். நான் சொல்லிக்கொடுப்பது மணிக்கு 4 கிலோமீட்டர், ஏற்றத்தில் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் 10 நிமிஷம் கூடுதல். 6 கிலோமீட்டரில் 300 மீட்டர் ஏற்றம் என்றால் ரெண்டு மணி நேரம்.

இதைவிட எனக்கு முக்கியம் குளிர். 1964 மார்ச்சில் இதே மேட்டில் நடந்த ஃபோர் இன்ஸ் என்ற சாரணர் நடைப் போட்டியில் மூன்று ரோவர் சாரணர்கள் (வயதில் மூத்த சாரணர்கள்) இறந்தார்கள். எல்லாரும் திடமான இளைஞர்கள். மழையும் காற்றும் சேர்ந்து உடம்புச் சூட்டை இறக்கிவிட்டது. 1953 எவரெஸ்ட் குழுவில் உடலியல் ஆய்வாளராக இருந்த கிரிஃபித் பியூ அதை ஆராய்ந்து எழுதினார்: நனைந்த துணி காற்றில் சூட்டைக் காக்கும் சக்தியில் பெரும்பகுதியை இழந்துவிடும். டீன் ஏஜ் பிள்ளைகள் குளிரடிக்கிறது என்று வாயைத் திறந்து சொல்ல மாட்டார்கள். அதனால் மழை பெய்கிற ஒரு சாயங்காலம் கார் பார்க்கிங்கிலேயே நிறுத்தி, ஈரக் கையுறையோடு பையைத் திறந்து கோட்டைப் போடச் சொல்லுங்க. ஜிப்பைப் பிடிக்கவே விரல் வராது. அன்றைக்கே கோட்டைப் பையில் மேலாக வைக்கப் பழகிவிடுவார்கள். ஒருத்தனுக்குப் பேச்சு குழறினாலோ, காரணமில்லாமல் சிடுசிடுத்தாலோ, அடிக்கடி தடுக்கினாலோ போட்டி அங்கேயே முடிந்தது: கூடாரம், காய்ந்த துணி, இனிப்பு, உதவிக்கு ஆள். இந்த முடிவை எடுக்கும் உரிமை நாலு பேருக்கும் உண்டு என்று அந்த ஓட்டக்காரன் முன்னாலேயே சொல்லிவையுங்க.

லெஸ்ரர்_மாமி:
தங்கச்சி, சாப்பாட்டை மறந்து போகாதேங்கோ. குளிருக்குள்ள நிண்டு சமைச்சுச் சாப்பிடப் பிள்ளையளுக்குப் பொறுமை இராது. நாங்கள் பேரீச்சம்பழம், எள்ளுப்பாகு, சீஸ் துண்டு எண்டு கோட்டுப் பொக்கற்றுக்க போட்டு விடுவம். பசி வர முதலே ஒரு வாய், நடந்துகொண்டே. பேப்பரை வீட்டிலேயே கழட்டி விடுங்கோ, கையுறைக் கையால பிரிக்கேலாது.

நாட்டிங்ஹாம்_அம்மா:
ரொம்ப நன்றி. அவளே முன்னால் நடக்கட்டும், முடிவு பண்ணிட்டேன். செக்பாயிண்டுக்கு நடுவில் ஆபத்து என்றால் போன் எடுக்குமா?

மேட்டுநடை:
பள்ளத்தாக்குகளில் பல இடத்தில் சிக்னல் இருக்காது. ஆளுக்கு ஒரு விசில் கழுத்தில் தொங்கணும்: ஆறு முறை ஊதி, ஒரு நிமிஷம் நிறுத்தி, மறுபடி ஆறு. பதிலுக்கு மூன்று விசில் கேட்டாலும் ஆள் வந்து சேரும்வரை ஊதணும். சிக்னல் கிடைத்தால் 999, முதலில் போலீஸ் கேட்கணும், பிறகு மலை மீட்புக் குழு. நிற்கும் இடத்தின் கிரிட் எண்ணை (வரைபடக் கட்டங்களை வைத்து இடத்தைச் சொல்லும் எண்) தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசச் சொல்லுங்க.