திருப்போரூர் தோப்பில் பழைய காற்றாலை: சக்கரம் சுற்றுகிறது, தண்ணீர் வரவில்லை

தோப்பு_திருவான்மியூர்:
வணக்கம். திருப்போரூர் பக்கம் வாங்கிய தோப்பில் ஒரு பழைய காற்றாலை நிற்கிறது. 12 பியூ 500 வகை: 12 இறக்கை, சக்கரம் குறுக்கே 5 மீட்டர், கியர் பெட்டி கிடையாது. கிராங்கிலிருந்து (சுழற்சியை மேல்-கீழ் அசைவாக்கும் வளைகை) ராடு, அதாவது இரும்புக் கம்பி, நேரே கிணற்றுக்குள் இறங்குகிறது. ஸ்ட்ரோக் (ராடு ஒரு தடவை ஏறும் தூரம்) அளந்ததில் 20 செ.மீ., தண்ணீர் 9 மீட்டரில். முன்பு இருந்தவர்கள் மார்க் 2 அடிபம்பு சிலிண்டரை (தண்ணீர் தூக்கும் பிஸ்டன் ஓடும் குழல்) மாட்டியிருக்கிறார்கள். மதியம் கடல்காற்று ஏறினால் சக்கரம் பேய் மாதிரி சுற்றுகிறது, மேலே கிறீச் சத்தம், குழாயில் ஒரு சொட்டு இல்லை. ராடில் இரண்டு இடத்தில் வெல்டிங் ஒட்டு. பழைய இரும்புக்காரர் கிலோ கணக்கில் கேட்கிறார். பக்கத்து நிலத்தில் இதே வகை ஒன்று சாய்ந்து கிடக்கிறது, எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். டவரை இறக்க வேண்டுமா? எதிலிருந்து தொடங்குவது?

பட்டறை_அம்பத்தூர்:
இரும்புக்குப் போட்டுடாதீங்க சார். டவரையும் இறக்க வேண்டாம். சக்கரம் சுற்றி ராடும் அசைகிறது என்றால் கோளாறு கிணற்றுக்குள்தான்.

காலை 6 மணிக்கு, காற்று எழும் முன் வேலையை ஆரம்பியுங்கள். முதலில் வாலை மடக்கிச் சக்கரத்தைக் காற்றுக்கு ஒதுக்கி, சக்கரத்தின் ஆரக்கால்கள் இரண்டை டவர் காலோடு கயிற்றால் கட்டுங்கள். இறக்கைத் தகட்டில் கட்டினால் தகடு கிழிந்துவிடும். கட்டிய பிறகுதான் ராடைக் கழற்றணும். பாரம் போன சக்கரம் லேசான காற்றிலேயே வேகம் பிடிக்கும், மேலே ஆள் இருந்தால் ஆபத்து.

கழற்றிய ராடைக் கையால் தூக்கிப் பாருங்கள். 63.5 மி.மீ. சிலிண்டரில் 9 மீட்டர் தண்ணீர்ப் பாரம் 28 கிலோ, 12 மி.மீ. ராடு மீட்டருக்கு 0.9 கிலோ. ஆக 35 கிலோவாவது கையில் தெரியணும். ராடின் எடை மட்டும் தெரிந்தால் வாஷர் (பிஸ்டனைச் சுற்றித் தண்ணீர் கசியாமல் அடைக்கும் கிண்ணம்) செத்துவிட்டது. அதைவிட லேசாக வந்தால் உள்ளே ராடே அறுந்திருக்கிறது. அடுத்து, குழாய் வாயில் தண்ணீர் ஊற்றி நிரப்புங்கள். நின்றால் அடிவால்வு (சிலிண்டர் அடியில் தண்ணீரைத் திரும்ப இறங்க விடாத வால்வு) சரி. மளமளவென்று இறங்கினால் அடிவால்வில் மணல் சிக்கியிருக்கும், இல்லையென்றால் குழாய் மறை (இணைக்க வெட்டிய திருகுப் புரி) துருவில் ஓட்டையாகியிருக்கும். கடலோரத்தில் ஜி.ஐ. பைப் முதலில் போவது மறையில்தான். மறை வெட்டிய இடத்தில் கனம் பாதிதான் மிச்சம்.

சிலிண்டரை மேலே எடுத்ததும் பித்தளை உள்சுவரில் நகத்தை ஓட்டுங்கள். நகம் சிக்கினால் மணல் கீறிய கோடு. அதில் புது வாஷர் போட்டாலும் சில வாரத்தில் தேய்ந்துவிடும், சிலிண்டரையே மாற்றணும். தோல் வாஷர் என்றால் ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, கிண்ணத்தின் வாய் மேல்நோக்கி இருக்கும்படி மாட்டணும். காய்ந்த தோலை இறுக்கமாக மாட்டினால் உள்ளே ஊறிப் பருத்துச் சக்கரத்தையே பிடித்துக்கொள்ளும்.

காற்றுப்பொறி_குரோம்பேட்டை:
அம்பத்தூர் அண்ணன் சொன்ன சோதனை எல்லாம் சரி. ஆனால் வாஷர் மட்டும் மாற்றினால் ராடு மறுபடி உடையும். 5 மீட்டர் சக்கரத்துக்கு அடிபம்பு சிலிண்டர் பொருந்தவே பொருந்தாது. அது மனிதன் கையால் இழுக்க அளவெடுத்துச் செய்தது.

28 கிலோ பாரம் இந்தச் சக்கரத்துக்கு ஒன்றுமே இல்லை, அதனால்தான் ஓடித் தள்ளுகிறது. ராடு கீழே இறங்குவது தன் எடையால். சக்கரம் அதைவிட வேகமாகப் போனால் கிராங்க் ராடைக் கீழே தள்ளுகிறது, ராடு வில்லாக வளைந்து குழாயில் அடிக்கிறது, இணைப்பு மறையில் விரிசல் விடுகிறது. அங்கே வெல்டிங் வைத்தால் ஒட்டுக்குப் பக்கத்திலேயே அடுத்த முறிவு.

100 மி.மீ. சிலிண்டர் போடுங்கள். 9 மீட்டரில் பாரம் 71 கிலோ, ஸ்ட்ரோக்குக்கு 1.57 லிட்டர். நிமிடத்துக்கு 20 ஸ்ட்ரோக், கசிவு 15 சதவீதம் கழித்தாலும் மணிக்கு 1,600 லிட்டர் வரும். இப்போதைய சிலிண்டர் நல்ல நிலையில் இருந்தாலும் 650-ஐத் தாண்டாது. ராடு 16 மி.மீ. ஆக்குங்கள், குழாயை 50 மி.மீ. ஆக்குங்கள். பழைய 32 மி.மீ. குழாயில் அவ்வளவு தண்ணீர் நெருங்கிப் போகும்போது ஒவ்வொரு ஸ்ட்ரோக்கிலும் சம்மட்டி அடி விழும். சிவப்புப் பட்டை போட்ட, கனமான சி கிளாஸ் பைப்பே வாங்குங்கள். கடைசியில் கிராங்க் கீழ்க்கோடியில் இருக்கும்போது பிஸ்டனை அடி தொட இறக்கி, 5 செ.மீ. மேலே தூக்கி ராடைப் பூட்டுங்கள்.

தோப்பு_திருவான்மியூர்:
மிக்க நன்றி. அவ்வளவு இறைத்தால் கிணற்றில் உப்பு ஏறாதா? கடல் கிட்டத்தில்தான்.

காற்றுப்பொறி_குரோம்பேட்டை:
உப்பைக் கூப்பிடுவது ஒரே மூச்சில் இறைப்பது. கடலோர மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. மேல்மட்டம் ஓர் அடி நிரந்தரமாக இறங்கினால் கீழிருந்து உப்பு 40 அடி ஏற இடம் கிடைக்கும். மெதுவாக எடுத்தால் மட்டம் அவ்வளவு இறங்காது, இந்த விஷயத்தில் மோட்டாரைவிடக் காற்றாலை நல்லது. சிலிண்டரைக் கிணற்றடி மணலுக்கு ஒரு மீட்டர் மேலே நிறுத்துங்கள்.

செங்கை_லேத்:
சாய்ந்து கிடப்பதில் முதலில் எடுக்க வேண்டியது தண்டு, ஹப், கிராங்க், வால் கீல். இறக்கைத் தகடு கடைசி, அதைப் புதிதாகவே வெட்டிக்கொள்ளலாம். விழுந்த மிஷின் தண்டை அப்படியே மாட்டாதீங்க. நன்றாகத் துடைத்து மண்ணெண்ணெய் பூசி, அரை மணி விட்டு மறுபடி காயத் துடைத்து, சுண்ணக்கட்டிப் பொடி தடவுங்க. விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் வெளியே கசிந்து, வெள்ளைப் பொடியில் மயிரிழை மாதிரிக் கருங்கோடாகத் தெரியும். அந்தத் தண்டு வேண்டாம்.

கிறீச் சத்தம் காய்ந்த பேரிங். பிளம்மர் பிளாக்கில் (பேரிங்கைத் தாங்கும் இரும்புக் கூடு) எண் படியுங்க: யூசிபி 208 என்றால் 40 மி.மீ. தண்டு. பாரிமுனையில் கிடைக்கும்.

துருப்பிடித்த நட்டைக் கேஸ் வைத்துச் சூடாக்க வேண்டாம். ஜிங்க் பூச்சு எரிந்த புகை காய்ச்சல் கொண்டுவரும். வெட்டி எடுத்து வலுவான 8.8 தர, ஜிங்கில் முக்கியெடுத்த போல்ட் போடுங்க. டவர் காலில் ஒரு போல்ட்டைப் பூட்டிய பிறகே அடுத்ததைக் கழற்றணும்.

இறக்கை கழற்றும்போது 1-க்கு அடுத்து 7, 4-க்கு அடுத்து 10 என்று எதிரெதிராக எடுங்க. ஒரே பக்கம் எடுத்தால் கனமான பக்கம் கீழே சுழன்று ஆளை அடிக்கும். வால் மடக்கும் கம்பியை ஐப்பசிக்குள் மாற்றிடுங்க. 2016 டிசம்பர் 12 வர்தா மாதிரிக் காற்று வரும்போது தரையில் நின்றபடி சக்கரத்தை ஒதுக்க முடியணும். எல்லாம் மாட்டியபின் ராடு சேர்க்காமல், காற்றில்லாத நேரத்தில் சக்கரத்தைக் கையால் சுற்றிவிடுங்க. ஒவ்வொரு தடவையும் ஒரே இறக்கை கீழே வந்து நின்றால் அந்தப் பக்கம் கனம். எதிர்ப்பக்க ஆரக்காலில் இரும்பு வாஷர் ஒவ்வொன்றாகச் சேர்த்துச் சரிபண்ணுங்க.