புதுப்பிப்பு: அப்பாவோட நுரையீரல் தழும்பு, மாத்திரை ஆரம்பிச்சு 3 மாசம்

அப்பாவுக்கு ஐபிஎஃப்னு (காரணம் தெரியாம நுரையீரல்ல தழும்பு விழுந்து பரவுற நோய்) சொல்லிட்டாங்க, அதுக்குக் குடுக்கற ரெண்டு மாத்திரைல பிர்ஃபெனிடோனா நின்டெடானிபா எது நல்லதுன்னு முன்னாடி கேட்டிருந்தேன்ல, பதில் சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றி. டாக்டர்கிட்ட பேசி நின்டெடானிப் 150 மில்லிகிராம் ரெண்டு வேளைன்னு ஆரம்பிச்சோம், ஏன்னா அப்பா இன்னமும் தினம் வயலுக்குப் போறவரு, பிர்ஃபெனிடோன் எடுத்தா வெயில் பட்டு தோல் சிவந்து எரியலாம்னாங்க.

ரெண்டாவது வாரமே வயித்தால போக ஆரம்பிச்சிடுச்சு, தயிர்சோறு தவிர எதுவும் இறங்கல, பயந்துட்டோம். வயித்துப்போக்கை நிறுத்தற லோப்பரமைடு குடுத்து, நின்டெடானிப் டோஸை 100க்கு குறைச்சாங்க, சாப்பாட்டோடயே போடச் சொன்னாங்க, இப்ப பரவால்ல. லிவர் டெஸ்ட் மட்டும் மாசாமாசம் எடுக்கறோம், அதை விட்றாதீங்க.

பிர்ஃபெனிடோன், நின்டெடானிப் ரெண்டுமே விழுந்த தழும்பை ஆத்தாது, மேல பரவுற வேகத்தைத்தான் குறைக்கும். எஃப்விசி (மூச்சை முழுசா இழுத்து வேகமா ஊதுனா வெளிய வர்ற காத்தோட அளவு) இறங்காம நிக்குது, அதுவே எங்களுக்குப் பெருசு.

முதல்ல பார்த்த இடத்துல ஸ்டீராய்டும் அசதயோப்ரினும் (நோய் எதிர்ப்பு சக்தியை அடக்கற மாத்திரை) மாசக்கணக்கா குடுத்தாங்க, அந்த சேர்க்கை ஐபிஎஃப்ல கெடுதல்னு 2012லயே ஆய்வுல வந்துடுச்சுன்னு இப்பதான் தெரியுது, மனசு ஆறவே மாட்டேங்குது.

அப்பா உட்கார்ந்திருந்தா ஆக்சிமீட்டர்ல ஆக்சிஜன் 95, பாத்ரூம் போய்ட்டு வந்தா 85, அந்த நம்பர் திரும்ப ஏறுற வரைக்கும் அவர் விரலைப் பிடிச்சுட்டே உட்கார்ந்திருப்பேன். நடக்கறப்ப வச்சுக்க சின்ன ஆக்சிஜன் மெஷின் பார்த்துட்டு இருக்கோம், வாங்குனதும் சொல்றேன்.