மூச்சுப் பயிற்சி செய்தால் தூக்கம் இன்னும் தள்ளிப்போகிறதே, ஏன்?

கேள்வி:
படுத்துக் கண்ணை மூடியதும் முடிந்த வேலையும் முடியாத வேலையும் மாறி மாறி வந்து நிற்கின்றன. இரண்டு வாரமாக 4-7-8 முறை செய்கிறேன்: 4 எண்ணி இழுத்து, 7 எண்ணி நிறுத்தி, 8 எண்ணி விடுவது. ஏழு வருவதற்குள் மூச்சு முட்டுகிறது, நெஞ்சு படபடக்கிறது. முடித்தபிறகு "தூக்கம் வருதா, வருதா" என்று பார்த்துக்கொண்டே கிடக்கிறேன். எங்கே தவறு? பகலில் பதற்றம் குறையவும் ஏதாவது சொல்லுங்கள்.

பதில் 1:
அந்த 7 எண்ணி நிறுத்துவதை விட்டுவிடுங்கள். பழகாதவர்களுக்கு மூச்சை அடக்குவதே ஒரு போராட்டம். பலன் தருவது நீளமான வெளிமூச்சுதான். உள்ளே இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்றுக் கூடும். விடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பின் வேலையால் தணியும். 4 நொடி இழுத்து 6 நொடி விடுங்கள், நடுவில் நிறுத்தாமல். நிமிடத்துக்கு 6 மூச்சு வரும், 5 நிமிடம் போதும். மூக்கு வழியாகவே செய்யுங்கள். தொப்புளுக்கு மேல் ஒரு கையை வையுங்கள். அந்தக் கை எழ வேண்டும், தோள் எழக் கூடாது.

தலை கிறுகிறுத்தாலோ விரல் நுனி மரத்தாலோ தேவைக்கு மேல் காற்றை இழுக்கிறீர்கள் என்று பொருள். இரத்தத்தில் கரியமில வாயு குறைவதால் வருவது அது. எண்ணிக்கையை மாற்ற வேண்டாம், இழுக்கும் அளவைப் பாதியாக்குங்கள். அதுவும் கஷ்டம் என்றால் 3 நொடி இழுத்து 4 நொடி விடுங்கள்.

பதில் 2:
மூச்சு சரியானாலும் அந்த "வருதா, வருதா" போகாது. உங்களை விழிக்க வைப்பதே அந்தக் காவல்தான். இப்போது நடப்பதைத் தீர்ப்பு சொல்லாமல் கவனிக்கும் கவனப் பயிற்சி (mindfulness) உதவும், ஆனால் அது தூக்க மாத்திரை அல்ல; முதலில் பகலில் பழகினால்தான் இரவில் கைகொடுக்கும்.

1979-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஜான் கபாட்-ஜின் தொடங்கிய 8 வாரக் கவனப் பயிற்சியில், உடலை மனதால் வருடிப் பார்க்கும் முறை முக்கியமான பாகம். மாலையில் 10 நிமிடம் செய்து பாருங்கள். இடது கால் பெருவிரலில் தொடங்குங்கள்: துணி உரசுகிறதா, சூடா, குளிர்ச்சியா, ஒன்றுமே தெரியவில்லையா? தெரியாவிட்டாலும் சரிதான். பாதம், கணுக்கால், ஆடுசதை என்று மேலே வாருங்கள். நினைப்பு எங்கோ ஓடியிருக்கும். ஓடியது தெரிந்ததும் திட்டிக்கொள்ளாமல் விட்ட இடத்துக்குத் திரும்புங்கள். நாற்பது முறை ஓடினால் நாற்பது முறை திரும்புவது, அதுதான் பயிற்சியே.

பகலுக்குத் தனி நேரம் ஒதுக்காதீர்கள், நிலைக்காது. ஏற்கெனவே செய்யும் காரியத்தோடு முடிச்சுப் போடுங்கள். கை கழுவும் 20 நொடியும் நீரின் சூடு, நுரையின் வழுவழுப்பு மட்டும். போன் அடித்தால் ஒரு வெளிமூச்சு விட்டபிறகு எடுங்கள்.

உடலைக் கவனிக்கும்போது பயம் கூடுகிறவர்களும் உண்டு. அவர்கள் கண்ணைத் திறந்து, பாதம் தரையில் அழுந்துவதை மட்டும் கவனித்தால் போதும்.

பதில் 3:
வேலை நினைப்புக்குக் காகிதம்தான் மருந்து. படுக்கும் முன் 5 நிமிடம், நாளை செய்ய வேண்டியதை ஒவ்வொன்றாக எழுதுங்கள். "ரிப்போர்ட்" என்று பொதுவாக வேண்டாம். "ரிப்போர்ட்டின் 2-ம் பக்க அட்டவணையைச் சரிபார்க்க" என்று எழுதுங்கள். 2018-ல் அமெரிக்காவின் பேலர் பல்கலைக்கழக ஆய்வில், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் செய்யவேண்டியவற்றை எழுதியவர்கள் சீக்கிரம் தூங்கினார்கள்.

காபி குடித்து 5 மணி நேரம் கழித்தும் ஏறக்குறையப் பாதி கஃபீன் உடலில் இருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

படுத்துத் தூக்கம் வராமல் சுமார் 20 நிமிடம் ஆனதுபோல் தோன்றினால் எழுந்துவிடுங்கள். கடிகாரம் பார்க்கக் கூடாது, அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வையுங்கள். மங்கலான வெளிச்சத்தில் சுவாரசியமில்லாத எதையாவது படித்து, இமை கனத்ததும் திரும்புங்கள். காலையில் எழும் நேரம் மட்டும் மாறவே கூடாது.

கேட்டவர்:
எழுந்துபோனால் வருகிற தூக்கமும் கலைந்துவிடாதா?

பதில் 3:
புரண்டு கிடக்கும்போது கலைவதற்குத் தூக்கமே இன்னும் வரவில்லை. படுக்கை என்றால் விழிப்பு என்று உடல் பழகிவிடுகிறது. அந்தப் பழக்கத்தை அறுக்கத்தான் எழச் சொல்வது. முதல் வாரம் சோர்வு கூடும், அந்த நாட்களில் வண்டி ஓட்டுவதில் மிகவும் கவனம். வாரத்தில் 3 இரவு வீதம் 3 மாதமாக இப்படியே இருந்தால், அல்லது குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று திணறினால், மருத்துவரைப் பாருங்கள்.